மனு யாருடையது?

அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழில்வல்லுநர்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுக்க உதவும் எச்-1பி விசாவுக்காகத் தாக்கல் செய்யப்படும் ஐ-129 படிவத்தில், அந்த வேலைக்கு வரப்போகிறவர் கையெழுத்துப் போட இடமே கிடையாது. அவருடைய பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், படிப்பு, சம்பளம் என்று எல்லா விவரமும் அதில் இருக்கும். கையெழுத்தை மட்டும் நிறுவனத்தின் சார்பில் ஒருவரும் நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞரும் போடுவார்கள். சட்டத்தின் கண்ணில் மனுதாரர் நிறுவனம். வேலை பார்க்கப்போகிறவர் வெறும் பயனாளி. மனுவில் குறையிருந்தால் கடிதம் நிறுவனத்துக்குத்தான் போகும். மனுவைத் திரும்பப் பெற நிறுவனம் நினைத்தால், பயனாளியிடம் சம்மதம் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

நான் வழக்கறிஞர் இல்லை. நியூ ஜெர்சியில் நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில், வெளிநாட்டு ஊழியர்களின் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வழக்கறிஞர் அலுவலகம் கேட்கும் காகிதங்களைத் திரட்டுவது, அறிவிப்புகளை ஒட்டுவது, முடியப்போகும் தேதிகளைக் கண்காணிப்பது, பதற்றத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அதில் அடங்கும். கணவரின் எச்-1பியைச் சார்ந்து எச்-4 விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவள் என்பதால் மேசையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: லே-ஆஃபாக இருந்தாலும், கிரீன் கார்டுத் தாமதமாக இருந்தாலும், சென்னையில் ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா பதிவு வாங்கப் போய்ச் சிக்கிக்கொண்டதாக இருந்தாலும், இந்தக் காகிதம் யாருடையது என்று முதலில் கேட்டுக்கொண்டால்தான் அந்தச் சிக்கலின் உருவம் தெரியும்.

1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம்தான் எச்-1பிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பும் அப்போது வந்ததே. 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிழையைச் சரிசெய்யும் ஒய்2கே வேலையும் இணைய அலையும் உச்சத்தில் இருந்தபோது அதை 1,15,000 ஆகவும் பிறகு 1,95,000 ஆகவும் உயர்த்தினார்கள். 2004 நிதியாண்டில் அது பழையபடி 65,000க்கு இறங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கென்று 20,000 இடங்கள் பின்னர் சேர்ந்தன. இந்த 85,000த்துக்குள்தான் சுமார் இருபது ஆண்டாக எல்லா முட்டலும் மோதலும்.

மனுவுக்கு முன்னால் எல்சிஏ என்றொரு விண்ணப்பத்தைத் தொழிலாளர் துறையில் நிறுவனம் தாக்கல் செய்யவேண்டும். அதில் நிறுவனம் தருவது நான்கு உறுதிமொழிகள்: உரிய சம்பளம் தருவேன், இவர் வருகையால் மற்ற ஊழியர்களின் பணிச்சூழல் கெடாது, அந்த இடத்தில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை, இந்த விண்ணப்பத்தைப் பற்றி ஊழியர்களுக்கு அறிவித்துவிட்டேன். தொழிலாளர் துறை ஏழு வேலைநாள்களில் சான்றளித்துவிடும், ஏனென்றால் படிவம் முழுமையாக இருக்கிறதா, வெளிப்படையான பிழை ஏதும் உண்டா என்பதற்கு மேல் அந்தக் கட்டத்தில் அது எதையும் பார்ப்பதில்லை. சொன்னபடி நடக்கிறதா என்ற கேள்வி, யாராவது புகார் கொடுத்தால்தான் பெரும்பாலும் எழும்.

உரிய சம்பளம் என்பது, அதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கு நிறுவனம் உண்மையில் கொடுக்கும் சம்பளம், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம், இவ்விரண்டில் எது அதிகமோ அது. நிலவும் சம்பளத்தை அரசு நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஒரே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் கீழிருந்து நிறுத்தினால், முதல் நிலை ஏறத்தாழ 17ஆவது ஆளின் சம்பளம். இரண்டாவது 34, மூன்றாவது 50, நான்காவது 67. அதாவது நான்கில் இரண்டு நிலைகள் நடுச் சம்பளத்துக்குக் கீழே கிடக்கின்றன. எச்-1பி எதிர்ப்பாளர்களின் பேச்சில் பெரும்பகுதியை நான் ஏற்பதில்லை என்றாலும், இந்த ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டி அவர்கள் கேட்கும் கேள்விக்கு எந்த முதலாளியும் நேர்மையாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அறிவிப்பு ஒட்டும் வேலை என்னுடையது. பணியிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இரண்டு இடங்களில் பத்து நாள்களுக்கு அது தொங்கவேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒன்று காபி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில், குறைந்தபட்ச ஊதியச் சட்டச் சுவரொட்டிக்குக் கீழே இருக்கும். மற்றொன்று வரவேற்பறைக்குப் பின்னால் உள்ள பலகையில். அதில் ஆளின் பெயர் இருக்காது. வேலையின் பெயர், இடம், காலம், சம்பளம் ஆகியவை இருக்கும். சின்ன அலுவலகத்தில் அது யாருடைய சம்பளம் என்பது காபி குடித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து, “அக்கா, இதை இப்படி நடு வீட்டுல ஒட்டணுமா?” என்று கேட்டாள். ஒட்டித்தான் ஆகவேண்டும். ஒட்டிய தேதியையும் எடுத்த தேதியையும் குறித்து, அந்தத் தாளை பொதுப்பார்வைக் கோப்பில் சேர்க்கவேண்டும்.

எல்சிஏ தாக்கலான மறு வேலைநாளுக்குள் தயாராக இருக்கவேண்டிய அந்தக் கோப்பைப் பற்றி நம்மவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். எல்சிஏயின் நகல், தரப்படும் சம்பளம், அதை நிறுவனம் எப்படி முடிவு செய்தது என்ற விளக்கம், நிலவும் சம்பளத்துக்கான ஆதாரம், அறிவிப்பு ஒட்டியதற்கான சான்று, சலுகைகளின் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்டவேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அதைக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. எல்சிஏயின் ஒரு நகலை வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியர் கையில் தந்துவிடவேண்டும் என்பதும் விதி. அந்த நகலைக் கையில் வைத்திருக்கும் ஊழியருக்கு, தனக்கு என்ன சம்பளம் தருவதாக நிறுவனம் அரசிடம் சத்தியம் செய்திருக்கிறது என்பது தெரியும். இல்லாதவருக்குத் தெரியாது.

எல்சிஏயில் எழுதிய இடத்தில்தான் வேலை நடக்கவேண்டும். 2015இல் வந்த சிமியோ சொல்யூஷன்ஸ் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு பெருநகர வட்டாரத்தைத் தாண்டி வேலையிடம் மாறினால் திருத்திய மனு போட்டே ஆகவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தால் வீடுதான் வேலையிடம். கொரோனா காலத்தில் எடிசனில் வாடகை கட்டி மாளவில்லை என்று டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக்கொண்டு போன ஒருவர், முகவரி மாற்றத்தை சம்பளப் பிரிவில் மட்டும் சொல்லிவிட்டு இருந்தார். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் அவருடைய சம்பளச் சீட்டில் பிடித்தம் மாறியது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அவசர அவசரமாகத் திருத்திய மனு போட்டோம். சொந்தக் காசில் வீடு வாங்கக்கூட நிறுவனத்தின் காகிதத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறதே என்று அவர் வருத்தப்பட்டது நியாயம்தான்.

கட்டண விஷயத்தில் சட்டம் முதலாளியிடம் கறாராக இருக்கிறது. ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்து 750 அல்லது 1,500 டாலர் பயிற்சிக் கட்டணம், 500 டாலர் மோசடித் தடுப்புக் கட்டணம், 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 600 டாலர் வரையிலான புகலிடத் திட்டக் கட்டணம், இவற்றுக்கு மேல் மனுவின் அடிப்படைக் கட்டணம். பயிற்சிக் கட்டணத்தை எந்த உருவத்திலும் ஊழியரிடம் வாங்கக்கூடாது. மனுவுக்கான வழக்கறிஞர் செலவும் தொழில் நடத்தும் செலவே. அதைப் பிடித்துக்கொண்டு சம்பளத்தை உரிய அளவுக்குக் கீழே இறக்கக்கூடாது. வேலை இல்லை, கிளையண்ட் கிடைக்கவில்லை என்று பெஞ்சில் உட்காரவைத்தாலும் முழுச் சம்பளம் தரவேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது.

இவ்வளவும் எழுத்தில் இருக்க, நடப்பது வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முதுகலை முடித்த ஒரு பையனிடம், ஒரு கன்சல்டன்சி ‘ஃபைலிங் செலவு’ என்று பணம் கேட்டு, அதை இங்கே கொடுத்தால் தடம் தெரியும் என்பதால் ஊரில் அவன் அப்பாவை ஒரு கணக்கில் கட்டச் சொல்லியிருந்தது. விசா கிடைத்த பிறகு மூன்று மாதம் கிளையண்ட் அமையவில்லை, சம்பளமும் இல்லை. வேறு வேலைக்குப் போகிறேன் என்றதும், ஒப்பந்தத்தை மீறினால் பல ஆயிரம் டாலர் கட்டவேண்டும் என்று மிரட்டினார்கள். இதில் மூன்றும் தவறு. ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகியதற்காக அபராதம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மாநிலச் சட்டப்படி நியாயமான இழப்பீடு என்று நிரூபிக்கக்கூடிய தொகை வேறு, அபராதம் வேறு. தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவுக்கு டபிள்யூஎச்-4 படிவத்தில், தவறு நடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். “புகார் குடுத்தா என் ஸ்டேட்டஸ் என்ன ஆகும் அக்கா?” என்பதுதான் அவன் கேட்ட ஒரே கேள்வி. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது என்றும், அப்படிப் பழிவாங்கப்பட்டதால் அந்தஸ்து அறுந்துபோனால் அதை அசாதாரணச் சூழலாகக் கருதலாம் என்றும் விதி இருக்கிறது. இருந்தாலும், மனுவைக் கையில் வைத்திருப்பவர்மீதே புகார் கொடுக்கச் சொல்லும் அமைப்பு இது என்பதால் அவனுடைய தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இருக்கும் இடங்களைவிடக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் நடக்கும் குலுக்கலுக்கு வருவோம். 2020 முதல் மார்ச் மாதத்தில் இணையவழிப் பதிவு, அதிலிருந்து குலுக்கல் என்ற முறை வந்தது. பத்து டாலர் கட்டணம் என்பதால் பதிவுகள் குவிந்தன. 2023 மார்ச்சில் 7,80,000க்கு மேற்பட்ட பதிவுகள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்காகப் பல நிறுவனங்கள் போட்டவை. எத்தனை நிறுவனம் போட்டாலும் ஆளுக்கு ஒரு சீட்டுத்தான் என்று 2024இல் விதி மாறியது. பாஸ்போர்ட்டை வைத்து ஆளை எண்ணத் தொடங்கினார்கள். மோசடியைத் தடுக்க வந்த மாற்றம் என்றே எல்லோரும் இதைப் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: ஒருவருக்காக மூன்று நிறுவனங்கள் பதிவு செய்து அவர் தேர்வானால், மூன்றும் மனுப் போடலாம். எந்த நிறுவனத்தோடு போவது என்று பயனாளி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்தக் கட்டத்திலாவது கிடைக்கிறது. எச்-1பி சட்டத்தில் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பதிவுக் கட்டணம் 2025இல் 215 டாலராக உயர்ந்தது. 2026 மார்ச்சுப் பதிவிலிருந்து சம்பள நிலையைப் பொறுத்து எடை கூடும்: நான்காம் நிலைச் சம்பளம் தரப்படுபவரின் பெயர் நான்கு முறையும் முதல் நிலையில் இருப்பவரின் பெயர் ஒரு முறையும் குலுக்கலில் சேரும். இப்போதுதான் படிப்பை முடித்து வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய அடி. அதிர்ஷ்டத்தைக்கூட முதலாளி எழுதும் சம்பளத்தோடு கட்டிவிட்டார்கள்.

இதற்கு முன்பே, 2025 செப்டம்பர் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்ற அதிபரின் பிரகடனம் வந்தது. 21ஆம் தேதி அதிகாலை அமலாகும் என்றார்கள். யாருக்குப் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்களை உடனே திரும்பி வரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பின. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் அகப்பட்ட விமானத்தில் கிளம்பினார்கள். மறுநாள், இது ஆண்டுதோறும் கட்டுவதல்ல, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அல்ல என்று வெள்ளை மாளிகை விளக்கியது. அக்டோபர் 20ஆம் தேதி, இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு விட இடம் தந்தது: நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கும், நீட்டிப்புக் கேட்பவர்களுக்கும் அந்த மாற்றமோ நீட்டிப்போ அனுமதிக்கப்பட்டால் இத்தொகை இல்லை, செல்லுபடியாகும் விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புதிய மனுவுக்கு உண்டு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவரை நேரடியாக எடுக்கும் பேச்சு எங்கள் நிறுவனத்தில் அன்றோடு நின்றது. நடுத்தர நிறுவனம் எதுவும் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை போவது தனிக் கதை. வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று நுழையும்போது தரும் பதிவு) முடியும் வரை, இரண்டில் எது முதலோ அதுவரை தங்கலாம் என்ற விதி 2017 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுத்தில் ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. தானாக ராஜினாமா செய்தவருக்கும் இது பொருந்தும். அந்த அறுபது நாளுக்குள் புதிய நிறுவனம் மனுப் போட்டுவிட்டால், மனு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம். அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஏசி21 சட்டம் தந்த இந்த உரிமைதான், எச்-1பியில் இருப்பவரை முதலாளியின் கைதி என்று முழுமையாகச் சொல்லமுடியாமல் செய்கிறது. நீக்கும் நிறுவனத்துக்கும் கடமைகள் உண்டு: யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரிவிக்கவேண்டும், அனுமதிக் காலம் முடியுமுன் நீக்கினால் ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவைத் தர முன்வரவேண்டும். ஊழியருக்கு மட்டும் தான். மனைவி மக்களின் டிக்கெட் அவர் பாடு.

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் லே-ஆஃப் அலை வந்தபோது, சிக்கல் வேலை போனவர்களோடு நிற்கவில்லை. அதே வட்டாரத்தில் அதே மாதிரி வேலையில் ஆள்குறைப்புச் செய்த நிறுவனம், அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த வேலைக்குக் கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் விண்ணப்பம் போட்டால், நீக்கப்பட்ட அமெரிக்க ஊழியர்களுக்குத் தெரிவித்து அவர்களைப் பரிசீலித்ததாகக் காட்டவேண்டும். அதனால் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சில பெர்ம் விண்ணப்பங்களையே நிறுத்திவைத்தன. வேலை தப்பியவர்களுக்கும் கிரீன் கார்டு நின்றுபோனது.

பெர்ம் என்ற இந்தத் தொழிலாளர் சான்றிதழ் முறை 2005 மார்ச்சில் தொடங்கியது. வெளிநாட்டவர் ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தகுதியான, தயாரான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று, அந்த வேலையைச் சந்தையில் விளம்பரப்படுத்தி நிரூபிக்கவேண்டும். முதலில் தொழிலாளர் துறையிடம் சம்பள நிர்ணயம். அதற்கே மாதங்கள் ஆகும். பிறகு இரண்டு வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகத்தில் பத்து வேலைநாள் ஒட்டும் அறிவிப்பு, இவற்றோடு வேறு மூன்று வழிகளில் ஆள் தேடல். இந்தக் காலத்தில் மென்பொருள் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளைப் புரட்டுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த முழுப் பக்கத்தைக் கிழித்து, விளம்பரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, கோப்பில் வைக்கிறேன். தணிக்கை வந்தால் காட்டவேண்டும், ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும்.

விண்ணப்பித்தவர்களின் தகுதியை எடைபோடும் இடத்தில் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் மூக்கை நுழைக்கக்கூடாது. அவர் ஒரு பைசா செலவு செய்யவும் கூடாது. விளம்பரச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு என்று 2007 முதல் விதி. தேடலும் உண்மையானதாக இருக்கவேண்டும். வழக்கமான வேலைகளைத் தன் இணையதளத்தில் விளம்பரப்படுத்திவிட்டு, பெர்ம் வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பம் கேட்டது போன்ற நடைமுறைகளுக்காக நீதித்துறை தொடுத்த வழக்கில், 2021இல் ஃபேஸ்புக் 1.425 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2023இல் ஆப்பிள் இதே போன்ற விவகாரத்தில் 2.5 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதன் பிறகு எங்களைப் போன்ற நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்கிறார்கள்.

பெர்மில் பலரைத் திகைக்கவைப்பது அனுபவக் கணக்கு. வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று எழுதுவது, அந்த ஆள் இந்த நிறுவனத்தில் சேர்ந்த நாளில் அவரிடம் இருந்த தகுதியாகத்தான் இருக்கவேண்டும். அதே நிறுவனத்தில், அதே மாதிரி வேலையில் சம்பாதித்த அனுபவம் கணக்கில் வராது. ஆறு ஆண்டு உழைத்து, பதினைந்து பேர் கொண்ட குழுவை நடத்துகிறவரின் அந்த ஆறு ஆண்டும் இந்தப் படிவத்தில் இல்லை. அப்படியானால் எங்கே போவது? சென்னைக்குத்தான். சிறுசேரியிலோ தரமணியிலோ பதினைந்து ஆண்டுக்கு முன் வேலை பார்த்த நிறுவனத்திடம், என்னென்ன பொறுப்புகளைச் செய்தார், எந்தெந்தத் தொழில்நுட்பத்தைக் கையாண்டார் என்று விவரமாகக் கடிதம் வாங்கவேண்டும். அங்குள்ள மனிதவளப் பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி என்று மூன்று வரியில் கடிதம் தருவதையே கொள்கையாக வைத்திருக்கும். நிறுவனம் மூடப்பட்டிருக்கும், அல்லது இன்னொன்று அதை விழுங்கியிருக்கும். அப்போது பழைய மேலாளரையோ உடன் வேலை பார்த்தவரையோ தேடிப்பிடித்து, அவர் பெயரில் சான்றுக் கடிதம் வாங்கி, பழைய சம்பளச் சீட்டுகளை இணைத்து ஒப்பேற்றுகிறோம்.

பெர்ம் கிடைத்து, 180 நாளுக்குள் நிறுவனம் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைப் போட்டு, அது அனுமதிக்கப்பட்டால், வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி நிலைத்துவிடும். பிறகுதான் வரிசை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. குடும்பத்தினரும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். 2025ஆம் ஆண்டில் இந்தியர்களுக்கான இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் 2012, 2013 தேதிகளை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தன, அதாவது அந்த ஆண்டுகளின் முன்னுரிமைத் தேதி உள்ளவர்களின் முறைதான் வந்திருந்தது. தேதி முன்னால்தான் போகும் என்பதும் இல்லை. கொரோனாவால் மிஞ்சிய குடும்ப விசாக்கள் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்த 2022 நிதியாண்டில் இடங்கள் 2,80,000ஐத் தாண்டின; இந்தியாவின் இரண்டாம் பிரிவு 2014 டிசம்பர் வரை ஓடியது. அடுத்த அக்டோபரிலேயே 2012 ஏப்ரலுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டுக் கிரீன் கார்டு அந்த ஓட்டத்தில் வந்ததுதான். அதே மாதத்தில் மருத்துவப் பரிசோதனைத் தாள் ஒன்று குறைந்ததால் தவறவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

ஐ-140 விஷயத்தில்தான் காகிதம் யாருடையது என்ற கேள்வி கொஞ்சம் ஊழியர் பக்கம் சாய்கிறது. அனுமதி கிடைத்து 180 நாள் ஆகிவிட்டால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் ஊழியரின் முன்னுரிமைத் தேதி போகாது. அதைக் காட்டி அடுத்த நிறுவனத்தின் எச்-1பியை ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம். அடுத்த நிறுவனம் பெர்மைப் புதிதாகத் தொடங்கினாலும், பழைய தேதி கூடவே வரும். நம்மவர்கள் பலர் கிரீன் கார்டு தடைபட்டுவிடும் என்று பயந்து அதே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் பாதிக்கு இப்போது சட்டத்தில் ஆதாரம் இல்லை. கடைசிப் படியான ஐ-485 கட்டத்துக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது: அது ஊழியர் தன் பெயரில் போடும் விண்ணப்பம், 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே வகை வேலைக்கு வேறு இடம் மாறிக்கொள்ளலாம்.

கணவரின் ஐ-140 அனுமதியைச் சார்ந்துதான் நானே வேலைக்கு வந்தேன். 2015 மே 26 முதல் எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி கிடைத்தது. நன்றிதான், ஆனால் யோசித்துப் பார்த்தால் விசித்திரம். என் வேலை, என் கணவருக்காக அவருடைய முதலாளி போட்ட மனுவின்மேல் நின்றது. என்னை அமர்த்திய நிறுவனத்துக்கும் அந்த முதலாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது, 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் வேலை அனுமதி அட்டைப் புதுப்பிப்புகளுக்குத் தானாக நீளும் அவகாசத்தை எடுத்துவிட்டார்கள். புதிய அட்டை கையில் வராவிட்டால் பழைய அட்டை முடியும் அன்று மாலை மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டியது என் கடமையாகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு தோழியிடம் அப்படி வாங்கினேன்.

ஊருக்குப் போவது பற்றி இரண்டு சொல். விசா ஸ்டாம்பிங் ஊழியர் தானே விண்ணப்பிப்பது என்றாலும், அது நிற்பது நிறுவனத்தின் மனுமேல். நேர்முகம் இல்லாமல் பெட்டியில் போட்டுவரும் வசதி 2025 செப்டம்பரில் பெரும்பாலும் முடிந்தது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கியதால், இந்தியாவில் அந்த மாதத்துக்கு வைத்திருந்த நேர்முகங்கள் பல அடுத்த ஆண்டு மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயின. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு காலை வேலை என்று கிளம்பியவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், கார் கடன் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்தே வேலை செய்யலாமா என்பது நிறுவனத்தின் கையில். வரி, தரவுப் பாதுகாப்பு என்று காரணம் காட்டிச் சில நிறுவனங்கள் சம்பளமில்லா விடுப்பில் போகச் சொன்னதும் நடந்தது.

திரும்பி வந்ததும் ஐ-94ஐ இணையத்தில் இறக்கிப் பார்க்கவேண்டும், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94ஐ நிறுத்திவிடும் வழக்கம் விமான நிலையங்களில் இருக்கிறது. இந்தியக் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் என்பதால், அப்பாவுக்கு 2027 வரையும் ஏழு வயது மகளுக்கு 2025 வரையும் போட்டுவிட்ட ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். எந்த நினைவூட்டலும் வராது. அந்தத் தேதி கடந்தால் குழந்தை சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகிவிடும். அதைக் கண்காணிப்பது நிறுவனத்தின் பொறுப்பிலும் இல்லை, வழக்கறிஞரின் பொறுப்பிலும் இல்லை.

என்னிடம் வருகிறவர்களை ஒரு கோப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். யுஎஸ்சிஐஎஸ்ஸிடமிருந்து இதுவரை வந்த ஐ-797 அறிவிப்புகள் எல்லாம், ஒவ்வொரு எல்சிஏயின் நகல், சம்பளச் சீட்டுகள், ஆண்டுச் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டும் டபிள்யூ-2, பழைய நிறுவனங்களின் அனுபவக் கடிதங்கள், பெர்மில் எழுதிய வேலை விவரம், ஐ-140இன் ரசீது எண். கடைசி இரண்டையும் தர நிறுவனங்கள் தயங்கும்; மனு எங்களுடையது என்பார்கள், சட்டப்படி அது சரியும்கூட. தஞ்சாவூர்ப் பையன் வேறு வேலைக்கு மாறிப் பல ஆண்டு கழித்து இந்தச் சிக்கலோடு மறுபடி வந்தான். அவனுடைய நிறுவனம் ஐ-140 அனுமதியானது என்று வாயால் சொன்னதோடு சரி. “கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களோ?” என்றான். முதலில் எழுத்தில் கேள், மின்னஞ்சலாகவே கேள் என்றேன்; தரவில்லை என்றால் இங்குள்ள தகவல் சுதந்திரச் சட்டப்படி யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் உன் பெயரில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னேன். நிறுவனத்தின் நிதிக் கணக்குகளை மறைத்துத்தான் தருவார்கள். அவனுக்கு வேண்டியது ரசீது எண்ணும் முன்னுரிமைத் தேதியும் மட்டுமே என்பதால் அதில் ஒன்றும் நஷ்டமில்லை.